அவன் நின்ற இடம்

2018 டிசம்பர் 1, அட்லாண்டா. ஜார்ஜியா, அலபாமா பல்கலைக்கழக அணிகள் 28-28 என்று சமநிலையில் நிற்கின்றன. ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களுக்குச் சற்றே மேல். பந்து ஜார்ஜியாவிடம், மைதானத்தின் நடுக்கோட்டில் இருக்கிறது. நான்காவது முயற்சி. இன்னும் 11 யார்டு தேவை.

அமெரிக்க ஃபுட்பாலில் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் கிடைக்கும். மூன்றில் முடியவில்லை என்றால் நான்காவதில் பந்தை ஓங்கி உதைத்து, எதிரணியை அவர்கள் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவது வழக்கம். அதற்குப் பண்ட் என்று பெயர். ஜார்ஜியாவும் பண்ட் அடிக்கும் ஆட்களைத்தான் இறக்கியது. உதைப்பவனுக்கு முன்னால் அவனைக் காக்க ஒருவன் நிற்பான். அந்த இடத்தில் அன்று ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் நின்றான். பந்து உதைப்பவனுக்குப் போகாமல் நேராக அவன் கைக்கு வந்தது. ஆட்களின் நடுவே புகுந்து ஓடினான். இரண்டு யார்டு போனான், மடக்கிவிட்டார்கள். அலபாமா அங்கிருந்து 52 யார்டு கடந்து 35-28 என்று ஜெயித்தது.

அதற்குப் பிறகு ஜார்ஜியா இரண்டு முறை தேசிய சாம்பியன் ஆகிவிட்டது. ஆகவே என்னை இன்னும் உறுத்துவது தோல்வி என்று சொல்ல மாட்டேன். உறுத்துவது அவன் நின்ற இடம். அவன் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் வாங்கி, எறிவதா, ஓடுவதா, இன்னொருவன் கையில் கொடுப்பதா என்று ஓரிரு நொடியில் முடிவெடுப்பவன். ஒரு பருவம் முழுக்க அந்த வேலைக்காகக் காத்திருந்த பையனை, ஆட்டம் இழுபறியாக நின்ற அந்தத் தருணத்தில், உதைப்பவனுக்குக் காவலாக நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் அந்த முகத்தைப் பார்த்தால் எதிரணிக்குச் சந்தேகம் வராதா? அவன் புகழே அந்தத் தந்திரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் வாழ்கிறோம். மகள் ஏதென்ஸில், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்தாள். இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் அவள் வழியாக வந்தது. தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் உட்காரும் சான்ஃபோர்ட் அரங்கில் முதன்முதலாக நின்றபோது, ஒரு கல்லூரி ஆட்டத்துக்கு இத்தனை ஜனமா என்று மலைத்தேன். அவர்களில் பாதிப் பேர் 1980-ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஜார்ஜியா கடைசியாகச் சாம்பியன் ஆன ஆண்டு அது. அப்போது பிறந்திராதவர்களும் அதை நேரில் பார்த்தவர்களைப் போலப் பேசினார்கள்.

ஃபீல்ட்ஸ், பக்கத்துக் கென்னசாவில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவன். நாடெங்கும் கல்லூரிகள் போட்டி போட்டு அழைத்த பையன். ஆனால் ஜேக் ஃப்ரோம் ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்தான். முந்தைய பருவத்தில் அணியைத் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவன், பதறாதவன். அன்று அலபாமாவுக்கு எதிராகவும், எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் டச்டவுன் மூன்று எறிந்திருந்தான். இந்த ஃப்ரோமே 2017-ன் முதல் ஆட்டத்தில் ஜேக்கப் ஈசனுக்கு முழங்காலில் அடிபட்டதால் உள்ளே வந்த முதலாண்டு மாணவன்தான். ஈசன் குணமாகித் திரும்பியபோது இடம் போயிருந்தது. வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். மற்ற இடங்களில் நான்கைந்து பேரை மாற்றி மாற்றி ஆடவிடலாம். குவார்ட்டர்பேக் இடத்தில் ஒருவன் இருந்தால் இன்னொருவனுக்கு வேலையே கிடையாது. தொப்பியும் கையுமாக ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஓரத்தில் நிற்பவனைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. இது சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் பங்குனியில் கூத்து நடக்கும். கர்ண மோட்சம் போடும் இரவில் தாத்தா என் தோளில் துண்டைச் சுற்றி முன்வரிசையில் உட்காரவைப்பார். அந்த வயதிலேயே ராஜாஜியின் வியாசர் விருந்தும் கைக்குக் கிடைத்துவிட்டது. கூத்தில் பார்த்தது எது, புத்தகத்தில் படித்தது எது என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் பத்து நாள் கணக்கு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. போர் தொடங்கிப் பத்து நாள் கர்ணன் களத்தில் இல்லை. பீஷ்மர் வீரர்களைத் தரம் பிரிக்கும்போது அவனைப் பாதி ரதிகன் என்று தள்ளிவிடுகிறார். அவர் தலைமையில் இருக்கும்வரை வில்லைத் தொடமாட்டேன் என்று அவனும் சபதம் செய்துவிடுகிறான்.

"ஏன் தாத்தா, அவனை முதல் நாளே இறக்கியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்ல?"

"பெரியவர் இருக்கும்போது பெரியவர்தான்டா. அவர் விழட்டும், அப்புறம் இவன்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. விழுந்த பிறகு வந்து என்ன பயன் என்று கேட்டதாக நினைவு. தாத்தா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, அல்லது சொன்னது எனக்கு நினைவில்லை.

அந்தக் கதையில் என்னை இன்னும் ஆழமாகத் தைத்த இடம் வேறு. கவச குண்டலத்தைக் கொடுத்துக் கர்ணன் இந்திரனிடம் வாங்கிய சக்தி ஆயுதம். ஒரே முறைதான் எய்யலாம். அர்ச்சுனனுக்காக வைத்திருக்கிறான். பதினான்காம் நாள் இரவில் கடோத்கஜன் கௌரவர் சேனையை நாசம் செய்கிறான். எய், எய் என்று சுற்றி நின்றவர்கள் கத்துகிறார்கள். கர்ணன் எய்துவிடுகிறான். கடோத்கஜன் விழுகிறான், கிருஷ்ணனோ இனி அர்ச்சுனனுக்குப் பயமில்லை என்று மகிழ்கிறான். அட்லாண்டாவில் அந்த நான்காவது முயற்சி முடிந்ததும் எனக்கு முதலில் வந்த நினைவு இதுதான். எதற்காகவோ பொத்தி வைத்ததை எங்கேயோ செலவழித்துவிட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் சொன்னேன். "அப்பா, கர்ணனை எய்யச் சொல்லிக் கத்தினது யாரு? வேடிக்கை பார்த்தவங்கதானே?" என்றாள். அவளுக்கு அந்தக் கதையை நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கத்துவதைப் பற்றி அவள் சும்மா சொல்லவில்லை. அந்தப் பருவத்தின் செப்டம்பரில், சான்ஃபோர்ட் அரங்கில் டென்னசியுடன் நடந்த ஆட்டத்தின்போது, பார்வையாளர் வரிசையிலிருந்து ஃபீல்ட்ஸை நோக்கி ஒருவன் இனவசை பேசினான். கத்தியவன் அதே பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் வீரன். அவனை அணியிலிருந்து நீக்கினார்கள். சொந்தக் கல்லூரி, சொந்த மைதானம், ஒரே சிவப்புச் சட்டை. இது தெரிந்த பிறகு, அவனை இறக்கு என்று வாரந்தோறும் நாங்கள் எழுப்பிய கூச்சல் ஓரத்தில் நின்றிருந்த அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் காதில் என்னவாக விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் அவனுக்காகப் பேசுவதாக நினைத்தோம். அவனுக்கு எங்களைத் தெரியாது.

அதே டிசம்பர் ஆட்டத்தில் எதிர்ப்பக்கமும் ஒருவன் ஓரத்தில் நின்றிருந்தான், ஜேலன் ஹர்ட்ஸ். அந்த ஆண்டு ஜனவரியில் இதே அரங்கில், இதே ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில், அலபாமா பாதி நேரத்தில் 13-0 என்று பின்தங்கியிருந்தபோது, பயிற்சியாளர் நிக் சேபன் அவனை உட்காரவைத்துவிட்டு முதலாண்டு மாணவன் டூவா டாங்கோவைலோவாவை இறக்கினார். அலபாமா 26-23 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. ஹர்ட்ஸ் இடத்தை இழந்தான். கல்லூரியை மட்டும் விட்டுப் போகவில்லை. டிசம்பரில் டூவாவுக்குக் காலில் அடிபட்டதும் உள்ளே வந்தான். ஒரு டச்டவுன் எறிந்தான், கடைசியில் தானே ஓடி இன்னொன்று எடுத்து ஆட்டத்தை முடித்தான். ஒரே மாலையில், ஒரே புல்வெளியில், காத்திருந்த இரண்டு பேர். ஒருவனுக்கு அவனுடைய வேலை கிடைத்தது. இன்னொருவனுக்கு வேறொருவன் நிற்கும் இடம் கிடைத்தது.

ஃபீல்ட்ஸ் அந்தக் குளிர்காலத்திலேயே ஓஹையோ ஸ்டேட்டுக்குப் போனான். 2019-ல் 41 டச்டவுன் எறிந்தான். மூன்றே மூன்று முறைதான் எதிரணி அவன் எறிந்ததைப் பிடித்தது. 2021 புத்தாண்டு அன்று, விலாவில் பலமாக அடிவாங்கியும், கிளெம்சனுக்கு எதிராக ஆறு டச்டவுன். அன்று எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சு: இவன் நம் பையன், நம்மிடம் இருந்தவன்.

இதோடு முடிந்திருந்தால் கதை எளிது. திறமையை அடையாளம் காணாத பயிற்சியாளர் என்று ஜார்ஜியாவின் கிர்பி ஸ்மார்ட்டைத் திட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் ஸ்டெட்சன் பென்னட் வந்துவிட்டான்.

பென்னட் தென் ஜார்ஜியாவில் பிளாக்‌ஷியர் என்ற சிற்றூரைச் சேர்ந்தவன். ஆறடி உயரம் இல்லை. உதவித்தொகை எதுவும் இல்லாமல் 2017-ல் தானாக வந்து அணியில் சேர்ந்தான். ஃபீல்ட்ஸ் வந்து சேர்ந்த 2018-ல் இவன் மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் கல்லூரிக்கு ஆடிக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டு திரும்பி வந்தான். 2021-ல் முதல் இடத்தில் இருந்த ஜே.டி. டேனியல்ஸுக்கு அடிபட்டது, பென்னட் உள்ளே வந்தான், வெளியே போகவில்லை. டேனியல்ஸ் குணமான பிறகும் ஸ்மார்ட் இவனையே வைத்துக்கொண்டார். டிசம்பர் 4 அன்று அலபாமாவிடம் 41-24 என்று தோற்றபோது ஊரே பென்னட்டை வெளியேற்றச் சொன்னது. டேனியல்ஸின் கை வலுவானது, அவனை இறக்கினால்தான் பெரிய ஆட்டம் ஜெயிக்க முடியும் என்றார்கள். ஃபீல்ட்ஸுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒலித்த வாதம்தான், பெயர் மட்டும் மாறியிருந்தது. நானும் டேனியல்ஸ் பக்கம்தான். அன்று கண்முன் இருந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கோரிக்கை என்றே இன்றும் நினைக்கிறேன்.

2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபொலிஸில் பென்னட் அதே அலபாமாவை 33-18 என்று வென்றான். கடைசிக் கால்வாசியில் அவன் பந்தைத் தவறவிட்டு, 18-13 என்று அணி பின்தங்கியது. பிறகு 40 யார்டு எறிந்து முன்னிலையைத் திரும்ப எடுத்தான். வெற்றி உறுதியானதும் ஓரத்தில் நின்று அழுதான். அந்த அழுகையைப் பார்த்து நானும் கலங்கினேன். 1980-ஐப் பற்றிப் பேசியே வயதான ஒரு கூட்டம் அன்று இரவு தூங்கவில்லை.

மகள் சொல்வது இது. வருஷத்தில் நாம் பார்ப்பது பன்னிரண்டு, பதிமூன்று ஆட்டம். பயிற்சியாளர் பார்ப்பது பூட்டிய கேட்டுக்குள் தினமும் நடக்கும் பயிற்சியை. யார் பதறுகிறான், யார் சொன்னதைச் செய்கிறான், மற்ற பத்துப் பேர் யாரை நம்புகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. "உங்களுக்குத் தெரியாததை வச்சு அவர் முடிவெடுக்கறார்ப்பா. அதனாலதான் உங்களுக்குக் கோபம்." இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழுசாக ஏற்க முடியவில்லை. பயிற்சியில் ஃபீல்ட்ஸைத் தினமும் பார்த்த அதே கண்கள்தான் அவனை அந்தக் காவலாள் இடத்தில் நிறுத்தின. உள்ளே இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும் என்றால், ஓஹையோவில் ஓராண்டுக்குள் தெரிந்தது ஏதென்ஸில் ஏன் தெரியவில்லை? அல்லது தெரிந்திருந்தும் ஃப்ரோமுக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று ஒன்று இருந்ததா? தாத்தா சொன்னது அதைத்தானா?

ஸ்மார்ட் இரண்டு முறையும் ஒன்றேதான் செய்தார் என்று தோன்றுகிறது. இடத்தில் இருப்பவனை, தனக்குப் பழகியவனை, அவன் விழும்வரை விடவில்லை. 2018-ல் அதனால் ஃபீல்ட்ஸை இழந்தார். 2021-ல் அதனாலேயே பென்னட் நிலைத்தான். இரண்டாவதற்கு நான் கைதட்டினேன் என்றால் முதலாவதையும் ஏற்றாக வேண்டும். தர்க்கம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பென்னட்டின் கோப்பைக்காக மகிழ்ந்த மனம் ஃபீல்ட்ஸின் இரண்டு யார்டை இன்னும் மன்னிக்கவில்லை. காத்திருப்பவனுக்கு உலகம் ஏதோ கடன்பட்டிருக்கிறது என்று நான் நம்புகிறேனா, அல்லது கையில் இல்லாத திறமை எப்போதும் பெரிதாகத் தெரிகிறதா? பென்னட்டும் காத்திருந்தவன்தானே, அவனுக்காக ஏன் முன்பே குரல் கொடுக்கவில்லை? அந்த நான்காவது முயற்சியில் ஃபீல்ட்ஸ் பன்னிரண்டு யார்டு ஓடியிருந்தால், அவன் நின்ற இடம் எனக்கு உறுத்தியிருக்குமா? உறுத்தியிருக்கும் என்றுதான் மகளிடம் சொல்லி வருகிறேன். அவள் நம்பவில்லை. நானும் அதை உறுதியாகச் சொல்லும் நிலையில் இல்லை.