இல்லாத மலைக்கு இட்ட பெயர்

1906-ஆம் ஆண்டு, ஜூன் திங்கள். வட துருவக் கடலின் விளிம்பிலே, ஆக்செல் ஹைபெர்க் தீவின் வடகோடியில் நின்று தொலைவை நோக்கினார் ராபர்ட் பியரி என்னும் அமெரிக்கர். உறைந்து கிடக்கும் கடலுக்கு அப்பால், வானம் தாழ்ந்து தொடுமிடத்தில், பனி போர்த்த மலைமுடிகள் தெரிந்தன என்றார். மறு ஆண்டு வெளிவந்த அவரது நூலில் அந்த மலைநாட்டுக்குப் பெயரும் இருந்தது: குரோக்கர் நிலம்!

யார் அந்தக் குரோக்கர்? மலையைக் கண்டவரா? பனியிலே கால் பதித்தவரா? இல்லை. பியரியின் பயணத்துக்கு 50,000 டாலர் ஈந்த செல்வர். பியரி நின்ற முனைக்குத் தாமஸ் ஹப்பர்ட் முனை என்று பெயர். அவரும் பியரிக்குப் பொருள் தந்த கழகத்தின் தூண்களில் ஒருவர். அத்தீவின் பெயருக்குரிய ஹைபெர்க்கோ, முன்னர் 1898 முதல் 1902 வரை அப்பகுதியை ஆராய்ந்த நார்வே நாட்டுக் குழுவுக்குப் பணம் கொடுத்தவர். அடுத்துள்ள இரு தீவுகளும் ரிங்னெஸ் உடன்பிறந்தார் பெயரைத் தாங்குகின்றன. பீர் வடிக்கும் ஆலை முதலாளிகள் அவர்கள்! வகுப்பறைச் சுவரில் தொங்கும் நிலப்படத்தைச் சுட்டி நாள்தோறும் பாடம் சொல்பவன் நான். பெயரைச் சொன்னால் மதிப்பெண் உண்டு. பெயர் வந்த வழியைக் கேட்க எந்த வினாத்தாளிலும் இடமில்லை.

குரோக்கர் நிலத்தின் கதை அத்துடன் முடிந்திருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். முடியவில்லை. 1913-இல் அந்நிலத்தைத் தேடி ஒரு குழு புறப்பட்டது. தலைவர் டொனால்ட் மாக்மில்லன். 1914 ஏப்ரலில், நால்வர் மட்டும் கடற்பனியின் மீது சென்றனர்: மாக்மில்லன், கிரீன் என்ற இளம் கடற்படை அலுவலர், இனுயிட் மக்களைச் சேர்ந்த இருவர். ஒரு நாள் காலை, மலைகளும் பள்ளத்தாக்குகளும் வெண்முடிகளும் கண்முன்னே விரிந்தன. மகிழ்ச்சியில் துள்ளினர் வெள்ளையர். பியூகாத்தோக் என்ற இனுயிட் வேட்டைக்காரர் மட்டும் அமைதியாகச் சொன்னார்: அது மூடுபனி.

பனியிலே பிறந்து, பனியிலே வளர்ந்து, பனியைப் படித்தவர் சொன்ன சொல் அது. ஆனால் கேட்டார்களா? நூலிலே அச்சேறிவிட்ட பெயர் ஒரு பக்கம். எழுத்தறியா வேட்டைக்காரரின் கண் மறு பக்கம். பெயரே வென்றது! மேலும் ஐந்து நாள் நடந்தனர். கரையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வந்தபின்தான், கதிரவன் சாயச் சாய மலைகள் இடம் மாறுவதையும், மறைவதையும் கண்டு, கானல் என்று ஒப்பினர்.

திரும்பும் வழியில் கிரீனும் பியூகாத்தோக்கும் தனியே அனுப்பப்பட்டனர். கிரீன் மட்டுமே மீண்டார். பியூகாத்தோக்கைச் சுட்டுக் கொன்றதை அவரே ஒப்புக்கொண்டார். தம்மை விட்டுவிட்டு ஓடப் பார்த்தார் என்பது கிரீன் கூறிய காரணம். மறுத்துரைக்க மாண்டவர் எழுந்து வரவில்லை. இனுயிட் மக்களிடம் விபத்து என்று சொல்லப்பட்டது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தண்டனை இல்லை.

“பொருள் கொடுத்தவருக்கு நன்றி காட்டுவது தவறா? பணமில்லாமல் கப்பல் நகருமா?” என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். நன்றி வேண்டும். ஆனால் நன்றியைத் தன் கையிலுள்ளதைக் கொண்டல்லவா காட்ட வேண்டும்? பியரி தம் நூலைக் குரோக்கருக்குப் படைத்திருக்கலாம். தம் கப்பலுக்கு அவர் பெயரை இட்டிருக்கலாம். தமக்குச் சொந்தமில்லாத, கண்டதற்கே உறுதியில்லாத நிலத்தை எடுத்துக் கொடுத்தார். அது நன்றியன்று, கடனடைப்பு.

சரி, மக்களே இல்லாத தென் துருவத்தில்? அங்கே யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லையே என்று தோன்றும். பாருங்கள். 1938–39-இல் நாஜி ஜெர்மனி ஒரு கப்பலையும் இரு கடல் விமானங்களையும் அனுப்பிற்று. வானிலிருந்து பதினோராயிரத்துக்கு மேற்பட்ட ஒளிப்படங்கள் எடுத்தனர். சுவஸ்திகம் பொறித்த அம்புகளைப் பனியிலே வீசினர், நிலம் தமதாம்! ஆனால் ஒளிப்படம் மட்டும் நிலப்படம் ஆகாது. தரையிலே சில புள்ளிகளையாவது நடந்து சென்று அளந்தால்தான், படத்தில் உள்ள முடி எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்று கணக்கிட முடியும். அந்த அளவை இல்லாமையால் அவர்கள் வரைந்த படங்கள் பிழைபட்டன. பெயர்களோ பிழைத்துக்கொண்டன! அன்றைய ஜெர்மன் விமான அமைச்சகத்தின் அலுவலர் மூலிக்-ஹோஃப்மன் பெயரில் அங்கே ஒரு மலைத்தொடர் இன்றும் இருக்கிறது.

அக்கண்டத்தின் தலையாய முடி வின்சன். 1958-இல் அமெரிக்கக் கடற்படை விமானத்திலிருந்து கண்டனர். துருவ ஆய்வுக்கு அரசுப் பணம் கிடைக்கத் துணைநின்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பெயரைச் சூட்டினர். 5,140 மீட்டர் என்று முதலில் கணித்த உயரம், 2004-இல் முடியின் மேலேயே கருவி வைத்து அளந்தபோது 4,892 மீட்டராக இறங்கிற்று. உயரம் திருந்துகிறது, பெயர் திருந்துவதில்லை.

நீண்டு கிடக்கும் தீபகற்பம் ஒன்று. அமெரிக்கர் பால்மர் என்றனர். ஆங்கிலேயர் கிரகாம் என்றனர். சிலி நாட்டார் ஓ’ஹிக்கின்ஸ் என்றனர். அர்ஜென்டினர் சான் மார்ட்டின் என்றனர். 1959-இல் கையெழுத்தான அண்டார்டிக் உடன்படிக்கை நில உரிமை வழக்குகளை உறையவைத்தது. 1964-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் அண்டார்டிக் தீபகற்பம் என்ற பொதுப்பெயருக்கு இணங்கின. யாரையும் புகழாத பெயர். எனவேதான் அவ்விருவருக்கும் பொருந்திற்று.

பெயரே வேண்டாம் என்பேனா? மாட்டேன். பனிப்புயலில் சிக்கியவனை மீட்க விமானம் பறக்க வேண்டுமானால் முடிக்கும் பிளவுக்கும் பெயர் வேண்டும். பல்கேரியா இதற்கென 1994-இல் ஒரு குழு அமைத்து, தன் சிற்றூர்களின் பெயர்களைத் துருவ மலைகளுக்கு இட்டு வருகிறது. செல்வர் பெயரைவிடச் சிற்றூரின் பெயர் எனக்கு உவப்பானது. எனினும் அதுவும் ஒரு நாட்டின் முத்திரைதானே என்ற ஐயம் அகலவில்லை.

வடக்கே, கனடாவின் எல்ஸ்மியர் தீவிலுள்ள தேசியப் பூங்காவுக்கு இப்போது இனுயிட் மொழியில் குத்தினிர்பாக் என்று பெயர். உலகின் உச்சி என்று பொருள். அதனுள்ளே நிற்கும் உயர்ந்த முடி, 2,616 மீட்டர், 1969-இல் இட்டபடியே பார்போ என்ற கனடிய அறிஞர் பெயரில் இருக்கிறது. ஹப்பர்ட் முனையும் அப்படியே இருக்கிறது. பியூகாத்தோக் சொன்ன மூடுபனி, அம்முனைக்கு எதிரே கடல்மேல் இன்றும் எழுகிறது.