கைப்பற்றிய தேரும் இரவல் கழுதையும்

திருநின்றவூரில் சென்னை செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி எனக் கடந்து ஆவடியை அடைகிறோம். பட்டாபிராமில் இராணுவக் கிடங்கிற்கென ஒரு தனித் தடம் பிரிந்து போகிறது. ஆவடியிலோ கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ஆம் ஆண்டின் இறுதியில் 'விஜயந்தா' என்னும் டாங்கி வெளிவந்தது அங்கிருந்துதான். காலை வண்டியில் நெருக்கியடித்து நிற்போருள், அத்தொழிற்சாலையிலோ படைத்துறைக் கிடங்கிலோ உழைத்தவர் ஒருவரேனும் இருப்பார். இல்லையேல் அத்தகையவரின் பிள்ளையேனும் இருப்பார். போர் எங்கோ எல்லையில் நடக்கிறது. ஆனால் போருக்குரிய வண்டிகள் நம் வீட்டிற்கு அருகிலேயே பிறக்கின்றன.

எங்கள் பங்கில், படையில் ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வேப்பமர நிழலில் நின்றிருந்தபோது, அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். 1971 டிசம்பரில் கிழக்கு முனையில் அவருடைய பிரிவு முன்னேறிச் சென்றபோது, பின்வாங்கிய எதிரிப்படை விட்டுச்சென்ற ஒரு லாரி அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களுடைய வண்டிகளுள் ஒன்று பழுதாகிக் கிடந்த நேரம் அது. எட்டு நாள் அந்த லாரியில்தான் இவர் அரிசியும் மாவும் ஏற்றிச் சென்றார். மேலே பூசியிருந்த பச்சை வண்ணம் உரிந்த இடத்தில் வங்காள எழுத்துகள் தெரிந்தன. இருக்கைக்கு அடியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கிடந்தது. வங்காளம் அறிந்த வீரர் ஒருவர் அதைப் படித்துச் சொன்னார்: சணல் மூட்டை ஏற்றிய வாடகைக் கணக்கு, கூடவே, வண்டிக்காகக் கட்டிவந்த தவணைக் கணக்கு. லாரி எதிரிப்படையினுடையது அன்று. யாரோ ஓர் ஏழை வணிகனிடமிருந்து அவர்கள் பறித்தது. அவர்களிடமிருந்து இவர்கள் கைப்பற்றியது.

"வண்டி நல்லா இழுத்துச்சு தம்பி, அதுதான் கஷ்டம்" என்றார் பெரியவர். "எதிரியோட வண்டின்னு நெனச்சு ஓட்டினப்ப சந்தோஷமா இருந்துச்சு. கணக்கைப் படிச்சதுக்கு அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே கூசிச்சு. ஆனா ஓட்டினேன். அது திருட்டா, இல்லையா?"

இக்கேள்வியைச் சிறிதென்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. திருநின்றவூர், பூசலார் நாயனார் நெஞ்சுக்குள்ளேயே ஒரு கோயிலை எழுப்பிய ஊர் என்பது தமிழர் அறிந்த வரலாறு. இப்பெரியவரோ ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நெஞ்சுக்குள் ஒரு லாரியை நிறுத்தி வைத்திருக்கிறார்.

எதிரியின் ஊர்தியைக் கைப்பற்றுவது வெற்றியின் கண்கூடான அடையாளமாக எக்காலத்திலும் கருதப்பட்டு வந்துள்ளது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் என்னுமிடத்தில் நடந்த போரில், பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் பல அழிக்கப்பட்டன, பல கைப்பற்றப்பட்டன. அவற்றை வரிசையாக நிறுத்தி வைத்த இடத்திற்கு 'பேட்டன் நகர்' என்றே பெயர் வழங்கிற்று. பின்னர் அவை நாட்டின் பல படைத்தளங்களுக்குக் காட்சிப் பொருளாக அனுப்பப்பட்டன. இரண்டாம் உலகப் போரில், நம் மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்த இந்திய தேசிய இராணுவமும், சிங்கப்பூரில் 1942-இல் சரணடைந்த பிரித்தானியப் படையின் ஆயுதங்களையே பெரிதும் ஏந்தி நின்றது. தன் கையில் போதிய கருவி இல்லாதவன் எதிரியின் கருவியை எடுத்தாள்வது போர்க்களத்தின் பழைய வழக்கம்.

தமிழ் மரபும் இதனை அறியும். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்ததை வீரர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வதைப் 'பாதீடு' என்று ஒரு துறையாகவே தொல்காப்பியர் குறித்தார். ஆனால் நம் முன்னோர் அதோடு நிற்கவில்லை. பறிகொடுத்த ஆநிரையை மீட்டு வருவதும் வீரமே என்று கண்டனர். பிற்கால இலக்கணம் அதற்குக் கரந்தை எனத் தனித்திணையே வகுத்தது. மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபட்டனர். செங்கம் பகுதியில் அத்தகைய நடுகற்களை இன்றும் காணலாம். கவர்வதற்கும் மீட்பதற்கும் இடையே ஒரு கோடு உண்டு என்பதைத் தமிழ் நெஞ்சம் அன்றே உணர்ந்திருந்தது.

அக்கோட்டை இக்காலச் சட்டமும் வரைந்துள்ளது. 1907-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்த விதிகளின்படி, எதிரி அரசுக்குச் சொந்தமான போர்க்கருவிகளையும் ஊர்திகளையும் படை கைப்பற்றலாம். அவை கைப்பற்றிய வீரனுக்கு அல்ல, அவனுடைய அரசுக்கே உரியவை. கொள்ளையடிப்பது முற்றிலும் விலக்கப்பட்டது. தனியாருடைய ஊர்திகளையும் தேவை கருதி எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆயினும் அமைதி திரும்பியதும் அவற்றைத் திருப்பித் தந்து இழப்பீடும் வழங்கவேண்டும். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தமோ, சிறைப்பட்ட வீரனின் சொந்த உடைமைகள் அவனிடமே இருக்கவேண்டும் என்கிறது. ஆக, டாங்கி வேறு, சணல் வணிகனின் லாரி வேறு. சட்டத்தின் கண்ணில் முன்னது கொள்ளைப் பொருள். பின்னது இரவல் பொருள்.

சட்டம் இவ்வளவு சொல்லியபின் மனச்சான்றுக்கு என்ன வேலை மிஞ்சுகிறது?

புனித தோமா அக்குவினா இவ்வினாவைத் தம் இறையியல் பெருநூலில் எடுத்துக்கொள்கிறார். நேரிய போரில் எதிரியிடமிருந்து எடுப்பது கொள்ளையாகாது. எனினும், பேராசையால் எடுப்பவனும், நீதிக்காக அன்றிக் கொள்ளைப் பொருளுக்காகவே போரிடுபவனும் பாவம் செய்கிறான் என்பது அவர் முடிவு. அதாவது, பொருள் யாருடையது என்று மட்டும் கேட்டால் போதாது. அதை எடுக்கும் கை என்ன நெஞ்சத்தோடு எடுக்கிறது என்றும் கேட்கவேண்டும். திருமுழுக்கு யோவானிடம் வந்த படைவீரர்களுக்குக் கிடைத்த அறிவுரையும் இதுவே. அவர்களைப் படையை விட்டு வெளியேறும்படி அவர் சொல்லவில்லை. எவரையும் அச்சுறுத்திப் பறிக்காமல் தம் ஊதியத்தோடு நிறைவடையச் சொன்னார் (லூக் 3:14).

பழைய ஏற்பாட்டில் கைப்பற்றிய தேர்களின் கதை ஒன்று இழையோடுகிறது. நாம் அதைக் கூர்ந்து நோக்குவதில்லை. மேரோம் நீர்நிலையருகே யோசுவாவுக்கு வெற்றி கிடைத்தபோது, எதிரிகளின் தேர்கள் ஆண்டவரின் கட்டளைப்படி தீக்கிரையாயின. குதிரைகளின் பின்னங்கால் நரம்புகள் வெட்டப்பட்டன (யோசு 11). வாயில்லா உயிர்கள் துன்புற்றதை எண்ணி நம் உள்ளம் இன்று நடுங்குகிறது. அது நடுங்குவதே நன்று. ஆனால் அக்கட்டளைக்குள் ஒரு பொருள் இருந்தது. எதிரியின் வலிமை உன் வலிமையாகிவிடக் கூடாது என்பதே அது.

தாவீது இதில் பாதி வழி மட்டுமே சென்றார். சோபா நாட்டு மன்னனை வென்றபோது, குதிரைகளுள் பெரும்பாலானவற்றை முடமாக்கி, நூறு தேர்களுக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டார் (2 சாமு 8:4). நூறுதானே! ஆனால் பின்னர் நிகழ்ந்தது என்ன? அவருடைய மகன் அப்சலோம் தனக்கென்று தேரும் குதிரைகளும் முன்னோட ஐம்பது ஆள்களும் அமர்த்திக்கொண்டு தந்தைக்கு எதிராகவே எழுந்தான். மற்றொரு மகன் சாலமோன் காலத்தில் தேர்கள் ஆயிரத்து நானூறு ஆயின. அரசன் உங்கள் புதல்வரைத் தன் தேர்களுக்கு முன் ஓட வைப்பான் என்று சாமுவேல் அன்றே எச்சரித்திருந்தார். எதிரியின் தேரில் ஏறியவன் மெல்ல மெல்ல எதிரியின் பாதையிலேயே செல்லத் தொடங்குகிறான். கைப்பற்றிய பொருளில் உள்ள இடர் இதுதான். அது நம் வசமாகும் வேளையில் நாமும் அதன் வசமாகிவிடக்கூடும்.

ஆயினும் அதே தாவீது, அரியணை ஏறுமுன், வேறொரு முறையில் நடந்துகொண்டார். அமலேக்கியர் சிக்லாகைச் சூறையாடித் தீயிட்டுச் சென்றபோது, அவர் பின்தொடர்ந்து சென்று, பறிபோன அனைத்தையும் மீட்டார். அந்தக் குவியலில் அமலேக்கியர் பல ஊர்களில் கொள்ளையிட்டவையும் கலந்திருந்தன. நம் பெரியவர் ஓட்டிய லாரியைப் போல, அவையும் இருமுறை கைமாறியவை. தாவீது என்ன செய்தார்? களைத்துப்போய் ஓடைக்கரையில் மூட்டைகளைக் காத்திருந்த இருநூறு பேருக்கும் சமபங்கு அளித்தார். பின்பு, தாம் நாடோடியாய்த் திரிந்த யூதாவின் ஊர்ப் பெரியவர்களுக்கும் பங்கு அனுப்பினார் (1 சாமு 30). வெட்சியாய்த் தொடங்கியதைக் கரந்தையாய் முடித்தார் எனலாம். ஆபிரகாமோ அதற்கும் மேலே சென்றார். லோத்துடன் சேர்த்து மீட்டுவந்த உடைமைகளில் ஒரு நூலையோ மிதியடி வாரையோகூடத் தமக்கென்று எடுக்க மறுத்தார். அதே வேளையில், உடன்வந்த நண்பர்கள் தம் பங்கைப் பெறுவதை அவர் தடுக்கவில்லை (தொநூ 14). தம் துறவைப் பிறர்மீது சுமத்தாத பெருந்தன்மை அது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டா. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் நம் இனத்து மக்கள் விட்டுச்சென்ற மிதிவண்டிகளும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் குவிந்து கிடந்த படங்களைப் பார்த்திருக்கிறோம். போர்முனையிலிருந்து பார்ப்பவனுக்கு அது வெறும் இரும்புக் குவியல். ஆனால் அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு தந்தை பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றது. ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து வாங்கியது. "எதிரியின் பொருள்" என்னும் சொல், இந்த முகங்களையெல்லாம் ஒரே வண்ணம் பூசி மறைத்துவிடுகிறது. பெரியவரின் லாரியில் அந்த வண்ணம் சற்றே உரிந்தது. உள்ளே ஒரு மனிதனின் பெயர் தெரிந்தது. மனச்சான்றின் வேலை அந்த வண்ணத்தைச் சுரண்டிப் பார்ப்பதே.

போர்க்களத்தைக் காணாத நமக்கும் இந்த வேலை உண்டு. தவணை கட்டத் தவறியவரிடமிருந்து நிதி நிறுவனம் பறிமுதல் செய்த ஆட்டோவையோ, வங்கி ஏலத்தில் விட்ட வீட்டையோ, அடகில் மூழ்கிய நகையையோ மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்து வாங்குகிறோம். சட்டப்படி அதில் குற்றம் இல்லை. வாங்குவது பாவம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆட்டோவின் பின்புறத்தில் முன்னவன் எழுதி வைத்த பிள்ளைகளின் பெயர்களை அழிக்குமுன், ஒரு கணமேனும் அவற்றைப் படித்தோமா? பாகப்பிரிவினை வழக்கில் தம்பியிடமிருந்து வென்ற நிலத்தில் வீடு கட்டும்போது, அவன் எங்கே குடியிருக்கிறான் என்று கேட்டோமா? சக்கேயு சட்டத்தின் அளவோடு நிற்கவில்லை. எவரிடமாவது எதையாவது ஏமாற்றிப் பறித்திருந்தால் நான்கு மடங்காய்த் திருப்பித் தர முன்வந்தார். அன்றுதான் அவர் வீட்டிற்கு மீட்பு வந்தது.

பெரியவரிடம் அந்த நோட்டுப் புத்தகம் என்னவாயிற்று என்று கேட்டேன். எட்டாம் நாள் லாரியை ஒப்படைத்தபோது அதையும் சேர்த்துக் கொடுத்து, உரிமையாளர் பெயர் அதில் இருக்கிறது என்று தாளில் எழுதச் சொன்னாராம். அதன்பின் லாரி உரியவனிடம் போய்ச் சேர்ந்ததா என்பது அவருக்குத் தெரியாது. ஒரு சாதாரண ஓட்டுநரால் அதற்குமேல் என்ன செய்திருக்க முடியும்?

அப்போது எனக்குக் குருத்து ஞாயிறு நினைவுக்கு வந்தது. எருசலேமுக்குள் நுழைந்த நம் அரசர் தேரில் வரவில்லை. எப்ராயிமில் தேர்கள் இல்லாமற்போகும் என்று செக்கரியா முன்னறிவித்த அமைதியின் அரசராகக் கழுதைக்குட்டியின்மேல் வந்தார். அக்குட்டியும் அவருடையதன்று. அதை அவிழ்த்து வரச் சென்ற சீடர்களிடம், எவராவது கேட்டால், ஆண்டவருக்கு அது தேவைப்படுகிறது என்றும், விரைவில் இங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்றும் சொல்லச் சொன்னார். திருப்பி அனுப்பும் இச்சொல்லை மாற்கு மறவாமல் பதிந்து வைத்துள்ளார் (மாற் 11:3). விண்ணையும் மண்ணையும் உடைமையாய்க் கொண்டவர் ஒரு கழுதைக்குட்டிக்காக அந்த உறுதியை அளித்தார்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். உங்கள் செயல் திருட்டன்று. தேவைக்கு எடுத்தீர்கள், உரியவன் பெயரை மறைக்காமல் எழுதி வைத்தீர்கள். திருப்பித் தரும் கடமை உங்கள் கையைவிட்டு அரசின் கைக்குச் சென்றது என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"சரி தம்பி. ஆனா அந்த ஆளுக்காக நான் வேண்டிக்கிறதை நிறுத்த மாட்டேன்" என்றார்.

நிறுத்த வேண்டா ஐயா என்றேன். திருப்பித் தர இயலாதவற்றுக்கு நம்மிடம் எஞ்சியிருப்பது அந்த ஒன்றுதானே?