மாடிகள் உயரும் நகரில் ராத்தாவின் பங்கு எங்கே?

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

கொழும்பு கொம்பனித்தெருவில், பேர வாவிக் கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒன்றின் மீது ஒன்று சாய்ந்தது போல 68 மாடிகளும் 63 மாடிகளுமாக, 240 மீற்றர் உயரத்தில் அல்டெயர் நிற்கிறது. இத்தகைய கோபுரங்களின் நிழல் விழும் ஒழுங்கைகளில்தான் நமது முஸ்லிம், மலே குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்தன. பல குடும்பங்கள் சின்ன வீட்டைக் கொடுத்துவிட்டுத் தொடர்மாடிக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

வெறுங்காலுடன் ஆடு மேய்த்த ஏழைகள் உயர்ந்த கட்டடங்களில் போட்டியிடுவதை மறுமையின் அடையாளங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஜிப்ரீல் (அலை) அவர்களின் பிரபலமான ஹதீஸில் அது வருகிறது. ஆனால் அடையாளம் என்பதாலேயே ஒன்று ஹராமாகிவிடாது என்று இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். ஆகவே கட்டடத்தின் உயரத்தை விட, அதன் அடியில் இருக்கும் மண் யாருடையது என்பதே நம்மிடம் கேட்கப்படும்.

மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க உமர் (ரழி) அவர்கள் அப்பாஸ் (ரழி) அவர்களின் வீட்டைக் கேட்டார்கள். அவர் மறுத்தார். வழக்கு உபை இப்னு கஅப் (ரழி) அவர்களிடம் போனது. உரிமையாளரின் சம்மதமின்றி எடுக்க முடியாது என்று கலீபாவுக்கு எதிராகவே அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு அப்பாஸ் (ரழி) தாமாகவே அதை இலவசமாகக் கொடுத்தார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்காகக் கூடப் பறிக்க முடியாத உரிமை அது!

சகோதரர்களே! இதைக் கேட்டதும் நமது விரல் கட்டடக்காரரை நோக்கி நீளும். கொஞ்சம் நமது வீட்டுக்குள்ளும் பார்ப்போம்.

வாப்பாவின் வீடு ஒரு பேர்ச்சஸோ இரண்டு பேர்ச்சஸோதான். விலையில்லாத காலத்தில் அதை யாரும் கேட்கவில்லை. கோபுரங்கள் எழுந்தன, காணி விலையும் ஏறியது. நட்டஈடோ மாடிவீடோ கிடைத்தபோது உறுதி மூத்த மகனின் பெயரில் எழுதப்பட்டது. ராத்தாவும் தங்கச்சியும் கேட்டால், "சீதனம் தந்தோமே" என்கிறோம். வாப்பா உயிரோடிருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு; அவர் மௌத்தான பின் வருவது அல்லாஹ் விதித்த பங்கு. சொத்து கொஞ்சமானாலும் கூடுதலானாலும் பெண்களுக்குப் பங்குண்டு என்று ஸூரத்துந் நிஸா அறிவிக்கிறது. நமது நாட்டில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் முஸ்லிம்களின் வாரிசுரிமையில் மார்க்கச் சட்டத்தையே ஏற்கிறது. நானாமார் மனம் நோகுமே என்று வெட்கத்தில் அவள் வைத்த கையெழுத்து, மனமொப்பிய சம்மதமாகாது.

அநியாயமாக ஒரு சாண் நிலம் எடுத்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாகப் போடப்படும் என்று புகாரி, முஸ்லிமில் வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது. ஒரு சாணுக்கே இப்படியென்றால், ராத்தாவின் அறையை எடுத்தவனின் நிலை என்ன?

மாடிவீட்டை வெட்டிப் பிரிக்க முடியாதுதான். ஆனால் விலை மதித்து, பங்கைத் தவணையாகவாவது கொடுக்கலாம், விற்றுப் பிரிக்கலாம், வாடகைக்கு விட்டுப் பகிரலாம். இன்று அஸருக்குப் பிறகு அவளுக்கு ஒரு கோல் எடுங்கள். "உன் பங்கு என்னிடம் இருக்கிறது" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! பிறர் உரிமை கலக்காத வீட்டில் எங்களை வாழவைத்து, ஹக்குகளை ஒப்படைத்த நிலையில் எங்களை மௌத்தாக்குவாயாக! ஆமீன்.