வெட்டுவோரின் அறம்

இமயமலையில் சமோலி மாவட்டத்துக் கோபேஸ்வரில் 1964-இல் தொடங்கிய தசோலி கிராம சுயராஜ்ய சங்கம், காட்டை வைத்துத் தொழில் நடத்திய அமைப்பு. சர்வோதய ஊழியர் சண்டி பிரசாத் பட் அதை முன்னின்று நடத்தினார். உழவுக் கருவி செய்யும் மரப்பட்டறையும், பைன் பிசினிலிருந்து டர்பன்டைன் எடுக்கும் சிறு ஆலையும் சங்கத்தின் பொறுப்பில் இருந்தன. மலையில் விளைந்த மரம் வெளியூர்க் குத்தகைதாரருக்குப் போகாமல் மலைவாசிக்கே வேலை தர வேண்டும் என்பது நோக்கம். மரத்தை வெட்டிப் பிழைத்த இந்தச் சங்கமே மரத்தைக் கட்டிக்கொள்ளும் சிப்கோ இயக்கத்துக்கும் தாய்வீடானது. வெட்டுகிறவருக்குக் காக்கும் தகுதி உண்டா என்ற அறக்கேள்வி இங்கேதான் எழுகிறது.

1973-இல் கருவிகள் செய்யச் சங்கம் ஆஷ் மரம் கேட்டது. ஆஷ் வலுவான மரம், கனமும் குறைவு. நுகத்தடியாகப் பூட்டினால் மாட்டின் கழுத்தை அழுத்தாது. வனத்துறை மறுத்துவிட்டது. அதே மரங்களைச் சமவெளியிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கியது. மண்டல் கிராமத்தார் திரண்டு நின்றதும் வெட்ட வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்துக் காட்டை வெட்ட ஆட்கள் வந்தபோது ஆண்கள் ஊரில் இல்லை. கௌரா தேவியும் ஊர்ப் பெண்களுமே அவர்களை மறித்தார்கள்.

எடுப்பவரே காக்கவும் செய்யும் இந்த அறத்தின் வேர் காந்தியின் தர்மகர்த்தா கொள்கையில் இருக்கிறது. கையிலுள்ள செல்வம் ஒப்படைக்கப்பட்ட பொருள். தேவைக்கு எடுக்கலாம், உடைமை கொண்டாடக் கூடாது. இதையே சொல்லும் ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரத்திலேயே இந்து சமயத்தின் சாரம் அடங்கிவிட்டதாகக் காந்தி கருதினார்.

சிப்கோவின் மற்றொரு தலைவர் சுந்தர்லால் பகுகுணா பச்சை மரத்தைத் தொடவே கூடாது என்றார். காடழிந்த மலையில் 1970-இல் அலக்நந்தா வெள்ளம் செய்த நாசத்தைப் பார்த்தவர்களால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1980களின் தொடக்கத்தில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடையும் வந்தது. ஆனால் விறகும் தழையும் ஏரும் காட்டிலிருந்தே வர வேண்டிய குடும்பத்துக்கு, தொடாதே என்பது வாழ முடியாத அறம். அளவோடு எடு, எடுத்த இடத்தில் நடு என்ற சண்டி பிரசாத் பட்டின் வழியே நியாயமானது. சங்கத்தின் முகாம்களில் பெண்கள் நட்டு வளர்த்த கன்றுகள், வனத்துறை நட்டவற்றைவிட அதிகமாகப் பிழைத்தன.