செயினுக்கும் எண்ணெய்க் காப்பு

ஆயுத பூசைக்கு முதல் நாள் சைக்கிளைக் கழுவுவது மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ஒரு வாளித் தண்ணீர், சவர்க்காரம், தேங்காய் நார். செம்மண் சடக்கின் சேறெல்லாம் போகக் கம்பிக்குக் கம்பி தேய்த்து அலசி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் சாய்த்து வைப்பார்கள். மறுநாள் சந்தனம், குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் பூ, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூசை முடிந்து இரண்டு நாள் கழித்து மிதித்தால் செயின் கீச்சிடும். குனிந்து பார்த்தால் கண்ணிகளின் ஓரத்தில் செங்காவி நிறத்தில் துரு பூத்திருக்கும். சவர்க்காரத் தண்ணீர் சேற்றோடு எண்ணெயையும் கொண்டுபோயிருக்கிறது; திரும்ப எண்ணெய் விட யாருக்கும் தோன்றவில்லை. பூசை குறைவில்லாமல் நடந்திருக்கிறது, பூசை பெற்ற பொருள் கெட்டிருக்கிறது. இதை வெறும் கவனக்குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பொருளைக் கெடாமல் பார்த்துக்கொள்வது வழிபாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டிய எடுபிடி வேலையா, இல்லை அதுவே வழிபாடா என்ற சமயக் கேள்வி அந்தத் துருவில் இருக்கிறது. அதுவே வழிபாடு என்பது என் கட்சி. தமிழில் ‘பேணுதல்’ என்ற ஒரே சொல் காப்பாற்றுவதற்கும் போற்றி வணங்குவதற்கும் வழங்குகிறது. அந்த இரண்டு பொருளும் ஒரு சொல்லில் கூடியதற்கு நியாயம் உண்டு என்றே கருதுகிறேன்.

செயினைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நியாயம் தெரியும். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்ததுதான் இன்றைய செயின். அரை அங்குலத்துக்கு ஒரு கண்ணி. கண்ணிக்குள் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் சுழலும் ஓர் உருளை. பின்னும் புஷ்ஷும் உரசுகிற இடம் வெளியே தெரியாது. செயின் தேய்வது அங்கேதான். பழைய செயினைப் பார்த்து ‘நீண்டுபோச்சு’ என்கிறோம். இரும்பு நீளவில்லை. நூற்றுச் சொச்சம் பின்களும் தலைக்குக் கொஞ்சம் தேய்ந்து, அதெல்லாம் சேர்ந்துதான் செயின் தொங்குகிறது. எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடமும் அந்த மறைவிடம்தான். மேலே வழிய ஊற்றிய எண்ணெய், சடக்குத் தூசியையும் மணலையும் பிடித்துவைத்து, இரும்பை அரைக்கும் களிம்பாகிவிடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் மண்ணெண்ணெயில் அழுக்கைக் கரைத்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வோர் உருளைமேலும் ஒரே ஒரு சொட்டு விடுகிறார்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி எண்ணெயை உள்ளே இறக்குகிறார்கள். பிறகு வெளியே நிற்கும் எண்ணெயை மறுபடி துடைத்தெடுக்கிறார்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். ஒரு கண்ணியைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியாத இந்த நடை, உருத்திராட்சம் உருட்டுகிறவர்களுக்குப் பழகிய நடைதான்.

கோயிலுக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன் மூர்த்திக்கு எண்ணெய்க் காப்பு சாத்துகிறார்கள். பக்தர்களே வரிசையில் போய்த் தங்கள் கையால் சாத்துவதும் உண்டு. உலகத்தைக் காப்பவருக்கு நாம் என்ன காப்பு போடுவது என்று கேட்கலாம். ஆனால் கல்லும் பீடமும் காலத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதை ஆகம மரபு ஒளிக்கவில்லை. அஷ்டபந்தன மருந்தைப் பாருங்கள்: கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டையும் சேர்த்து, கை சோர இடித்து, இளக்கி, மூர்த்திக்கும் பீடத்துக்கும் நடுவே உள்ள சந்தில் அடைக்கிறார்கள். அந்த மருந்து நாளாவட்டத்தில் இறுகும், வெடிக்கும், பிடி விடும். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் சாத்துவது. கோயிலின் ஆகப் பெரிய சடங்கின் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கைப் பழுது பார்க்கும் வேலை இருக்கிறது.

சைவ சித்தாந்தம் அறிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். கோயிலைக் கூட்டுவதும் மெழுகுவதும் சரியை. அதற்கு மேல் கிரியை, யோகம், ஞானம் என்று படிகள் இருக்க, முதல் படியில் நின்றுகொண்டு அதையே முழு வழிபாடு என்பதா? படிவரிசையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சரியைக்கு மரபு யாரை எடுத்துக்காட்டாக நிறுத்தியது? ஏழாம் நூற்றாண்டின் திருநாவுக்கரசரை. எத்தனையோ பதிகம் பாடியவரின் கையில் சிற்பிகள் தாளத்தைக் கொடுக்கவில்லை. புல் செதுக்கும் உழவாரப்படையைக் கொடுத்தார்கள். திருப்புகலூரில் அவர் உழவாரம் செய்த இடத்தில் பொன்னும் மணியும் கிடக்க, அவற்றைப் பருக்கைக் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். ஞானம் கைகூடியவரும் செதுக்குவதை விடவில்லை. மேலே ஏறியதும் எட்டி உதைக்கிற படியாக அவர் அதை எண்ணவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு தோட்ட வரலாற்றிலிருந்து வருகிறது. உழைப்பைப் புனிதம் என்று சொல்லிச் சொல்லியே உழைத்தவனை அடக்கினார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ச் சேரவும் ரப்பர்ப் பால் வாளியை ஸ்டோரில் இறக்கவும் சைக்கிள் ஓடினால், லாபம் துரைக்கு. அந்தச் செயினுக்கு எண்ணெய் விடுவதை வழிபாடு என்றால், கங்காணியின் வேலையைச் சாமியிடம் கொடுத்ததாகாதா? இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தோட்டத்தில் எது யாருடையது என்று பார்க்க வேண்டும். மரம் கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது. சைக்கிள் பெரும்பாலும் தொழிலாளி தன் காசில் வாங்கியது. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது லயத்தைவிட்டுப் போனவர்கள் கூடவே கொண்டுபோக முடிந்த சொற்பப் பொருள்களில் அதுவும் ஒன்று. அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்க வைத்தார். தன் பொறுப்பில் ஒன்று இருக்கிறது என்ற உணர்வைத்தான் பேணுதல் வளர்க்கிறது. அடிமைத்தனம் பறிப்பது அந்த உணர்வை.

செயின் ஓடினால் எனக்குத்தானே நல்லது, பயனைக் கருதிச் செய்வது பக்தியாகுமா என்றும் கேட்பார்கள். வேண்டுதலோடு போகிறவர் ஒன்று நடக்க வேண்டும் என்று போகிறார். செயினுக்கு எண்ணெய் விட்டவருக்குக் கிடைக்கும் பலனோ ஒன்றும் நடக்காமல் இருப்பது: சத்தமில்லை, செயின் அறுந்து வழியில் நிற்கவில்லை. அதுவும் அடுத்த மழை வரைக்கும்தான். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் பிற்பகல் மழை அந்த எண்ணெயைக் கழுவ அதிக நாள் எடுத்துக்கொள்ளாது. புகழும் இல்லாமல் முடிவும் இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த வேலையைவிட, பலனில் பற்றில்லாத செயலுக்குச் சாதாரண மனிதர் கிட்டத்தில் போக வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஈப்போவின் கல்லுமலை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குத் திரளும் கூட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, திருவிழாவும் வேண்டும். ஆனால் ஆளொழிந்த தோட்டங்களில், செம்பனைக்கு நடுவே நிற்கும் மாரியம்மன் கோயில்களுக்குப் பழைய தோட்டத்து மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஈப்போவிலிருந்து வந்து போகிறார்கள். மிச்ச நாள்களில் கூரைத் தகரத்தின் ஓட்டையை யார் அடைக்கிறார்கள், விளக்குக்கு யார் எண்ணெய் விடுகிறார்கள் என்பதில்தான் அந்தக் கோயில் நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

எதையும் என்றைக்கும் பேணிவிட முடியாது என்பது உண்மைதான். பன்னிரண்டு அங்குலத்துக்குள் அடங்க வேண்டிய இருபத்து நான்கு கண்ணிகள் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால், அந்தச் செயினைக் கழற்றிவிட வேண்டும். எண்ணெய் இனி உதவாது, வைத்திருந்தால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். மரபும் இதற்கு வழி வைத்திருக்கிறது. சிதைந்த மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, தற்காலிகக் கோயிலான பாலாலயத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, புதியதை நிறுவச் சொல்கிறது. நிலம் கைமாறி இடம் பெயர்க்கப்பட்ட தோட்டத்துக் கோயில்கள் பல உண்டு. அங்கே அம்மன் புதுப் பீடத்தில் அமரும்போது, தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் கொம்பரக்கும் முதலிலிருந்து இடிபட வேண்டியிருக்கிறது.