கண்டெடுத்தவன் கடமை

கடற்கரை மணலிலே கண்டெடுக்கப்பட்ட மோதிரம் யாருக்குச் சொந்தம்? இக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனமானது என்று ஒதுக்கிவிடுவோர் பலர். இழந்தவரைக் கண்டாற் கொடுத்துவிடவேண்டும். காணாவிட்டால் எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம். இதற்குமேல் இதில் ஆராய என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பர். நடந்து செல்பவர் ஒருவரின் கண்ணிலே தற்செயலாகப் பட்ட மோதிரத்தைப் பொறுத்தவரையில் இவ்விடை போதுமானதே. ஆனால், இன்று உலகின் பல கடற்கரைகளில் மோதிரங்கள் தற்செயலாகக் கண்ணிற்படுவதில்லை. அவை தேடி எடுக்கப்படுகின்றன. அதற்கென்றே கருவி வாங்கி, காலம் பார்த்து, இடம் பார்த்துச் செல்வோர் ஆயிரக்கணக்கில் உளர். தற்செயலாகக் காண்பதற்கும், பிறர் இழந்திருப்பர் என்று அறிந்தே அவ்விழப்பைத் தேடிச் செல்வதற்கும் ஒழுக்க நோக்கில் வேறுபாடு உண்டா? உண்டென்பதே எனது கருத்து. அவ்வேறுபாட்டைச் சட்டம் போதிய அளவு உணரவில்லை என்பதும் எனது கருத்து.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ண்மத், வடமேற்கிலுள்ள பிளாக்பூல் போன்ற இடங்களுக்குக் கோடைகாலத்திலே இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். குளிர்ந்த கடல்நீரில் விரல் சுருங்குகிறது. வெயிலுக்காகப் பூசிய களிம்பு வழுக்குகிறது. பல ஆண்டுகளாகக் கழற்ற முடியாதிருந்த மணமோதிரம் ஓர் அலையின் இழுப்பிலே ஓசையின்றி நழுவிவிடுகிறது. தூய தங்கம் நீரைப்போலப் பத்தொன்பது மடங்கு கனமானது; செம்பும் வெள்ளியும் கலந்த நகைத்தங்கமும் மணலைவிடப் பன்மடங்கு கனமானதே. ஆகவே, ஈரமணல் அசையுந்தோறும் அது கீழே இறங்கி, களிப்படையோ கற்படையோ தடுக்குமிடத்திலே தங்குகிறது. புயலொன்று மேல்மணலை வாரிச்சென்ற மறுநாட் காலையிலே, கடல் வற்றும் நேரம் பார்த்துத் தேடுவோர் வந்து சேர்கின்றனர்.

அவர்களுடைய கையிலிருக்கும் கருவி வடபகுதி வாசகர்களுக்குப் புதியதன்று. 2009இன் பின்னர் வன்னியிலும் முகமாலையிலும் கண்ணிவெடி அகற்றும் தொழிலாளர்கள், அவர்களுட் கணிசமான தொகையினரான பெண்கள், நிலத்தின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திய அதே இனத்தைச் சேர்ந்த கருவிதான் அது. சுருளொன்றிலே மாறும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது; அப்புலம் மண்ணுள் இருக்கும் உலோகத்திலே சுழி மின்னோட்டத்தை எழுப்புகிறது; அதன் மறுமொழியைக் கருவி ஒலியாக்கித் தருகிறது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலிலிருந்த குண்டைத் தேடுவதற்கு அலெக்சாண்டர் கிரகம் பெல் இத்தத்துவத்தையே பயன்படுத்தினார், குண்டு அகப்படவில்லை. கடற்கரையில் இக்கருவிக்கு விசித்திரமான ஒரு குறைபாடு உண்டு. பானத் தகரத்தின் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் அதற்கு ஏறத்தாழ ஒரே குரலிற் கேட்கின்றன. குப்பையை விலக்க எண்ணி அக்குரலைப் புறக்கணிப்பவர் தங்கத்தையும் சேர்த்தே இழக்கிறார். நாம் எதைப் போற்றுகிறோம், எதைத் தூக்கி எறிகிறோம் என்பது கருவிக்குத் தெரியாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். கி. பி. 533இல் ஜஸ்டீனியன் மன்னன் வெளியிட்ட சட்டப் பாடநூல், கடற்கரை எல்லோருக்கும் பொது என்கிறது. அங்கே காணப்படும் இரத்தினக் கற்கள் இயற்கை நீதியின்படி கண்டெடுத்தவருக்கே உடனடியாகச் சொந்தமாகின்றன என்றும் கூறுகிறது. பலர் இதனுடன் நின்றுவிடுகின்றனர். அதே நூலின் பிறிதோர் இடம் இதைவிட முக்கியமானது. புயலிலே கப்பலின் பாரத்தைக் குறைப்பதற்காகக் கடலில் எறியப்பட்ட பொருள்கள் எறிந்தவருக்கே தொடர்ந்தும் சொந்தம். ஏனெனில், அவர் அவற்றை வேண்டாமென்று எறியவில்லை, உயிர் தப்புவதற்காக எறிந்தார். கரையொதுங்கிய அப்பொருளை இலாபங் கருதி எடுப்பது களவு. இயற்கை தந்த கல் வேறு. ஒருவர் உழைத்துப் பெற்று, மனமின்றிப் பிரிந்த பொருள் வேறு. இவ்வேறுபாடு உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கும் வந்து சேர்ந்ததாகும்.

ஆங்கிலச் சட்டம் இத்தெளிவைப் பேணியதாகத் தெரியவில்லை. 1992இல் வேவர்லி உள்ளூராட்சி மன்றத்துக்குரிய பூங்காவொன்றிலே, உலோகம் கண்டறியும் கருவியோடு சென்ற ஒருவர் ஏறத்தாழ ஒன்பது அங்குல ஆழத்திலே மத்தியகாலத் தங்க அணியொன்றைத் தோண்டியெடுத்தார். 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது மன்றத்துக்கே உரியதென்றது. நிலத்தின் மேலே கிடப்பது கண்டெடுத்தவர் பக்கம் சாயும். நிலத்தினுள்ளே புதைந்தது நிலவுடைமையாளர் பக்கம் சாயும். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் அலைவாய்க்கரையில் ஏறத்தாழப் பாதி முடிக்குரிய உடைமையாக இருப்பதையும் இத்தோடு சேர்த்து நோக்க வேண்டும். ஒரு மோதிரம் எத்தனை அங்குலம் தாழ்ந்தது என்பது உரிமையைத் தீர்மானிக்குமாயின், அங்கே பாதுகாக்கப்படுவது இழந்தவரின் உரிமையா, நிலத்தின் உரிமையா? வேடிக்கை இத்துடன் முடியவில்லை. 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொன் மோதிரம் அகப்பட்டால் பதினான்கு நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அதை மதிப்பிடுவதற்கும் சன்மானம் வழங்குவதற்கும் ஒழுங்குகள் உண்டு. என்றோ இறந்தவரின் மோதிரத்துக்குள்ள இந்த மரியாதை, சென்ற கோடையிலே அதை இழந்துவிட்டு இன்றும் அழுதுகொண்டிருப்பவரின் மோதிரத்துக்கு இல்லை.

அதன் பொருட்டு ஒன்றுமே இல்லையெனவும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், நியாயமான முயற்சிகளாலே உரியவரைக் கண்டுபிடிக்க இயலாது என்று உண்மையாக நம்பி எடுப்பவர் நேர்மையீனர் அல்லர் என்கிறது. 1860இல் இயற்றப்பட்டு 2024 வரை நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை இதை விளக்குவதற்கு மோதிரத்தையே உதாரணமாகக் காட்டிற்று: விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவரைத் தேட முயலாமல் உடனே விற்பவன் குற்றவாளி. அக்கோவையைத் தழுவி 1883இல் ஆக்கப்பட்ட இலங்கைக் கோவையும் இவ்வழியே செல்கிறது. ஆனால் 'நியாயமான முயற்சி' எது? தெருவிலே தற்செயலாகக் கண்டவனுக்கும், பல நூறு பவுண் செலவிட்டுக் கருவி வாங்கி ஒவ்வொரு வாரமும் தேடச் செல்பவனுக்கும் ஒரே அளவுகோல்தானா?

இங்கே தேடுபவர் தமது வாதத்தை முன்வைக்கிறார். அதை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஏனெனில், அது நம்முடைய மொழியிலேயே பேசுகிறது. நான் உழைத்தேன் என்கிறார் அவர். குளிரிலே நின்றேன், நூறு தகரத் துண்டுகளைத் தோண்டிய பின்னரே ஒரு மோதிரம் கிடைத்தது, நான் தோண்டாவிட்டால் அது என்றென்றும் மணலுக்குள்ளே கிடந்திருக்கும். உழுபவனுக்கே நிலம் என்பது நமது முழக்கமாயின், தோண்டியவனுக்கே மோதிரம் என்பதும் அதன் கிளைதானே?

அன்று. உழுபவன் நிலத்திலே முன்னில்லாத விளைவை ஆக்குகிறான். தோண்டுபவர் மோதிரத்திலே எதையும் ஆக்கவில்லை. அது முன்னரே ஒருவருடைய உழைப்பின் உறைந்த வடிவம்: பொற்கொல்லரின் உழைப்பு, அதை வாங்குவதற்கு மாதக்கணக்கிற் சம்பளத்தை மிச்சம்பிடித்த ஒரு தாதியினதோ பஸ் சாரதியினதோ உழைப்பு. தோண்டுபவர் செய்தது அதை இடம் மாற்றியமை. அது பயனுள்ள வேலைதான். அதற்குக் கூலி உண்டு. கூலிக்கு உரித்துடைமை பொருளுக்கு உரித்துடைமை ஆகிவிடாது. இழந்தவர் அழைக்க, அவர் காட்டிய இடத்திலே தேடிக் கொடுத்து, அவர் விரும்பித் தருவதைப் பெற்றுக்கொள்ளும் தேடுநர்களும் பல நாடுகளில் இருக்கின்றனர். கருவி அதே கருவி, உழைப்பு அதே உழைப்பு. வேறுபடுவது உறவு மாத்திரமே.

தனியுடைமையையே எதிர்ப்பவர்கள் பணக்கார உல்லாசப் பயணியின் மோதிரத்துக்காக ஏன் கவலைப்படவேண்டும் என்று மாணவ நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். 1848ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் அறிக்கையை அவர்கள் மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படித்தல் நன்று. அது ஒழிக்க முனைவது பிறர் உழைப்பை அடிமைப்படுத்தும் உடைமையை. விரலிலிருக்கும் மோதிரத்தை அன்று. மேலும், உருக்குபவர் கொடுப்பது தங்கத்தின் நிறைக்குரிய விலையை. இழந்தவருக்கோ அது இறந்த கணவரின் கைப்பிடி. பரிமாற்றப் பெறுமதிக்காக மற்றொருவரின் ஈடற்ற பயன்பெறுமதியை அழிப்பதைப் புரட்சி என்று சொல்வது விபரீதம். நாம் வெறுக்கும் சந்தை செய்வதும் அதைத்தான்.

ஆயினும், வர்க்கம் இக்கதைக்கு வெளியே நிற்கவில்லை. 1722இல் இலண்டனிலே புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் இரத்தினம் பதித்த அணியொன்றைக் கண்டெடுத்து, மதிப்பறிவதற்காகப் பொற்கொல்லர் கடையொன்றுக்குக் கொண்டுபோனான். நிறுத்துப் பார்ப்பதாகச் சொல்லிக் கடைப் பையன் கற்களைக் கழற்றிக்கொண்டான். மூன்று அரைப்பென்னி தருவதாகச் சொன்னார்கள். சிறுவன் மறுத்துப் பொருளைத் திருப்பிக் கேட்டபோது வெறுங்கூடுதான் கிடைத்தது. அவன் வழக்காடி வென்றான்: உண்மையான உரியவரைத் தவிர, மற்றெல்லோருக்கும் எதிராகக் கண்டெடுத்தவருக்கு உரிமையுண்டு என்றது மன்று. கல்லை வெளிக்காட்டாவிட்டால், அக்கூட்டுக்குப் பொருந்தும் மிகச் சிறந்த கல்லின் விலையைக் கொடுக்கவேண்டும் என்றும் பணித்தது. அத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது. நாம் கவனிக்கவேண்டியது, ஏழைச் சிறுவனின் கையிலே பொன்னைக் கண்டதும் கடைக்காரருக்கு உண்டான துணிவையே. காளிதாசனின் சாகுந்தலத்திலும் இதுதான் நிகழ்கிறது. தான் பிடித்த மீனின் வயிற்றிலே மோதிரத்தைக் கண்ட செம்படவனைக் காவலர் கள்வனென்று கட்டி இழுத்துச் செல்கின்றனர். அரசன் பரிசளித்த பின்னர் அதே காவலர் அவனோடு கள்ளுக்கடைக்குப் போகின்றனர்! நமது ஊர்களில் அடகுகடைக்கு மோதிரமொன்றைக் கொண்டுசெல்லும் மீனவச் சிறுவனிடம் முதலிலே கேட்கப்படுவது என்ன என்பதை வாசகர்கள் அறிவர். கருவி வாங்க வசதியுள்ளவர் செய்தால் அது பொழுதுபோக்கு. வெறுங்கையால் மணலைச் சலிப்பவன் செய்தால் அது களவு.

ஆகவே, தற்செயலாகக் கண்டவரிடம் கேட்பதைவிட அதிகத்தைத் தேடிச் சென்றவரிடம் கேட்பதே நியாயம். பொருளைத் தேடுவதில் ஒருவர் எவ்வளவு திறமையையும் காலத்தையும் செலவிட்டாரோ, உரியவரைத் தேடுவதிலும் அவ்வளவைச் செலவிட அவர் கடமைப்பட்டவர். இது இயலாத காரியமன்று. மணமோதிரங்கள் பலவற்றின் உட்புறத்திலே பெயரும் திகதியும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலேயத் தங்க நகைகளில் செய்தவர் குறியும், தரம் சோதித்த நகரின் குறியும் உண்டு. பழைய நகைகளில் ஆண்டெழுத்தும் உண்டு. உலகத்தையே கைத்தொலைபேசியில் வைத்திருப்பவர், உரியவரை எங்கே தேடுவேன் என்று கைவிரித்தல் பொருந்தாது.

இவற்றையெல்லாம் எழுதுகையில், நமது கரையொன்றை விலக்கிவிட்டு எழுத முடியவில்லை. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணலிலே 2009 மே மாதம் மக்கள் இழந்தவற்றுள் நகைகளும் இருந்தன. குளிக்கையில் நழுவியவை அல்ல அவை. உயிர் தப்புவதற்காக விட்டுச் செல்லப்பட்டவை. திரும்பி வருவோம் என்று புதைக்கப்பட்டவை. வங்கிக் கணக்கில்லாத குடும்பத்தின் முழுச் சேமிப்பும் தாலிக்கொடியாகவும் காப்பாகவும் இருந்த சமூகம் இது. புயலிலே கப்பலிலிருந்து எறியப்பட்டவற்றைப் பற்றிய அந்தப் பழைய விதி இவற்றுக்குப் பொருந்துவதுபோல வேறெதற்கும் பொருந்தாது. போருக்குப் பின்னர் அப்பகுதிகளில் 'புலிகளின் தங்கம்' தேடி நிலம் அகழப்பட்ட செய்திகள் பலமுறை வந்தன. சில அகழ்வுகள் நீதிமன்ற அனுமதியோடு நிகழ்ந்தன, சில இரவிலே கருவிகளோடு களவாக நிகழ்ந்தன. புதையல் என்ற சொல்லே இங்கு பிழை. புதைத்தவர்களிற் பலர் இன்றும் உயிரோடிருக்கின்றனர்.

2025 மே மாதத்தில், வடக்கிலே மீட்கப்பட்டு இராணுவத்தின் பொறுப்பிலிருந்த தங்க, வெள்ளி நகைகளின் ஒரு தொகுதி பொலிசாரிடம் கையளிக்கப்பட்டது. மக்கள் அடகு வைத்தவையும் அவற்றுள் உண்டு எனப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னர் பற்றுச்சீட்டு எவரிடம் இருக்கும்? ஆனால், பெண்ணொருத்தி தனது தாலியை அடையாளம் காண்பதற்குப் பற்றுச்சீட்டு வேண்டியதில்லை. எந்த ஊர்ப் பத்தர் செய்தது, எந்த இடத்திலே பற்றாசு வைத்து ஒட்டியது, எந்தப் பிள்ளையின் சுகவீனத்துக்காகக் கொடியிலிருந்து எத்தனை பவுண் வெட்டி விற்கப்பட்டது என்பதை அவள் சொல்வாள். நகைகளின் படங்களை முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தொங்கவிட்டு, அவளை வந்து பார்க்கச் சொல்வதற்கு எந்தக் கருவியும் தேவைப்படாது.