பிறவாத சிசுவுக்குப் பட்ட கடன்

ரூபெல்லா எனும் வைரஸ் நோய் குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலும் இளஞ்சிவப்புத் தடிப்புமாக வந்து போய்விடுகிறது. ஆனால் எதிர்ப்பாற்றல், அதாவது முந்தைய தொற்றோ தடுப்பூசியோ உடலில் விட்டுச்செல்லும் காப்பு, இல்லாத பெண்ணைக் கருவுற்ற முதல் 12 வாரங்களில் அது பற்றினால் சிசுவின் கண், செவி, இதயம் பழுதுபடக்கூடும் என்பதால், 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இத்தொடர்பைச் சுட்டியது முதல் இது அறத்தின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

அப்படிப் பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தையின் துன்பத்தை முன்வினை என்று ஊர் எளிதாகச் சொல்லிவிடும். எனினும் தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விடுவதும் ஒரு வினையே என்பதை வினைக்கொள்கையை ஏற்பவரும் மறுக்க இயலாது.

உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸால் ஆன ரூபெல்லாத் தடுப்பூசி கர்ப்பிணிகளுக்குப் போடப்படுவதில்லை. ஆகவே தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் காலை மின்ரயிலில், பெண்கள் பெட்டியின் கம்பியைப் பற்றி நிற்கும் இரண்டு மாதக் கர்ப்பிணியின் காப்பு, பக்கத்தில் தாயின் இடுப்பிலிருக்கும், முன்பின் அறியாத ஆண்குழந்தை ஊசி போட்டுக்கொண்டதா என்பதையும் பொறுத்திருக்கிறது. அவனுக்கு அதில் கிடைக்கும் நேரடிப் பயன் சிறிது, கைம்மாறு கருதாத ஈகை என்பதற்கு இதைவிடத் தெளிவான உவமை அரிது.

அதே ரயில் தடத்திலுள்ள பரங்கிமலைக் கத்தோலிக்கருக்கு இத்தடுப்பூசியை ஏற்பதில் ஒரு தயக்கம் நேரலாம்: அதற்கான வைரஸ் வளர்க்கப்படும் உயிரணுக்கள் 1960களில் கலைக்கப்பட்ட கருவிலிருந்து வந்தவை. மாற்று இல்லாதபோது இதை ஏற்கலாம் என்று 2005இல் வாடிகனின் உயிர்வாழ்வுக்கான கழகம் தெளிவுபடுத்தியது.

தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா முகாமில், 9 மாதம் முதல் 15 வயதுவரை, இருபாலாருக்கும் ஊசி போடப்பட்டது.